பிண்டாரிக்கு இரண்டு பேர்

மே 17, பாகேஷ்வர்

காலை தெளிவு. மூன்று மணிக்கு மேகம். மூன்றரைக்கு மழை. நாலேகாலுக்குக் கண் கூசும் வெயில்.

முப்பத்து நான்கு வருடம் அணையில் நீர்மட்டமும் மழையளவும் எழுதிய கை. ஓய்வு பெற்று இரண்டரை மாதம் ஆகியும் முதலில் வானத்தைப் பற்றி எழுதினால்தான் அடுத்த வரி வருகிறது.

ஏன் வந்தேன் என்று எழுதிப் பார்த்தால் எனக்கே விளங்கலாம்.

செண்பகம் இறந்தது ஜனவரி ஒன்பது. மார்ச் மாதம் அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. மே 17 அன்று பாகேஷ்வர் வந்து சேரவும், பிண்டாரி பனியாற்றுக்கு மலையேற்றம், இரண்டு பேர். பெயர்கள்: செண்பகவல்லி ஆவுடையப்பன், பிலோமினா. போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்தியவள், பனியாறு பற்றியும் நடத்தியிருப்பாள். ஆனால் அதைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை.

பிலோமினா அதே பள்ளியில் விளையாட்டு டீச்சர். செண்பகத்தைவிட எட்டு வயது இளையவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறார். அன்றைக்கு அவருக்குப் போன் போட்டேன். கோபமாகக் கேட்கத்தான் போட்டேன். வாயில் வந்தது வேறு.

"டீச்சர், அவ இடத்துல நான் வாறேன்."

 "சரி அண்ணாச்சி" என்றார்.

மகள் கோமதி பெங்களூரிலிருந்து சண்டை போட்டாள். "அறுவது வயசுல, முட்டி வலிய வச்சுக்கிட்டு, எதுக்குப்பா?"  

இரண்டு அறை. டீச்சர் நாளைக்கு ஐந்தரைக்குத் தயாராக இருக்கச் சொன்னார்.


மே 18, காத்தி

காலை தெளிவு. ஜீப்பில் போகும்போது தூறல். நடக்கத் தொடங்கியதும் வெயில். ஊருக்குள் நுழையும்போது ஆலங்கட்டி.

ஜீப் நின்ற இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடை. நான் இரண்டரை மணி நேரம் எடுத்தேன். டீச்சர் எனக்காகத்தான் மெதுவாக நடந்தார், அது தெரியாமல் இருக்க அடிக்கடி நின்று பூவைப் பார்த்தார்.

வழிகாட்டி லட்சுமண் சிங் இந்த ஊர்க்காரர். நாற்பது வயதிருக்கும், குட்டையான ஆள். எனக்கு இந்தி தெரியாது. டீச்சரின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அவருக்கு நன்றாக வருகிறது. லட்சுமண் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். டீச்சர் நீளமாகப் பதில் சொன்னார். 'பாய்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அவ்வளவு நீளமாக வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். "நீங்க எங்க அண்ணன்னேன்" என்றார். இரண்டு சொல்லில் முடிகிற விஷயம்.

வலது குதிகாலில் கொப்புளம். டீச்சர் ஊசியால் உடைத்து, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டினார். குனிந்திருந்தபோது அவருடைய பூட்ஸைப் பார்த்தேன். வீட்டில் செண்பகத்தின் பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் இருந்த பூட்ஸும் அதே ரகம், அதே நிறம்.

"ரெண்டு பேரும் சேந்துதான் வாங்கினோம் அண்ணாச்சி."

"அவளோடது அடி தேஞ்சிருக்கு."

டீச்சர் பிளாஸ்திரியை இன்னொரு முறை அழுத்தினார். "வீட்டுக்குள்ள போட்டு நடந்து பாத்திருப்பாவ."

வீட்டுக்குள் அவள் செருப்புகூடப் போட்டதில்லை.


மே 19, துவாளி

காலை ஏழு வரை தெளிவு. அதற்குப் பிறகு எழுதி முடியாது. மழை, வெயில், மழை, ஆலங்கட்டி, மஞ்சள் வெயில், மறுபடி மழை. இதைப் பதிவேட்டில் எழுதினால் மேலதிகாரி என்னைத்தான் சந்தேகப்படுவார்.

ஒன்பது மணி நேரம் நடை. பாதை ஓரிடத்தில் சரிந்து ஆற்றில் விழுந்திருந்தது. சுற்றி மேலே ஏறி இறங்கினோம். எனக்கு மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து டீச்சர் சொன்னார்:

"எண்ணிக்கிட்டே ஏறுங்க அண்ணாச்சி. இருவது எட்டு, அப்புறம் நிப்பு. செண்பகக்கா பொத்தையில ஏறுறப்ப அப்படித்தான்..."

நிறுத்திவிட்டார்.

"எந்தப் பொத்தை?" என்றேன். எங்கள் ஊருக்கு மேற்கே பாறைக் குன்றுகள் நான்கைந்து உண்டு. எல்லாவற்றையும் பொத்தை என்போம்.

அவர் அதற்குள் லட்சுமணைக் கூப்பிட்டு இந்தியில் எதையோ கேட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார். பள்ளிக்கூடச் சுற்றுலாவாக இருக்கும்.

இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் விடுதி. சத்தம் காதை அடைக்கிறது. இந்தச் சத்தத்தில் கனஅடி எவ்வளவு இருக்கும் என்று யோசித்தபடி படுத்திருக்கிறேன்.

ஒன்று எழுதிவைக்க வேண்டும். செண்பகம் விழுந்தது கோவில் தெப்பக்குளத்துப் பக்கம், காலை ஐந்தேமுக்கால். மார்கழி பூஜைக்குப் போனவள். அந்த வழியாக வந்த பிலோமினா டீச்சர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இது எல்லாருக்கும் தெரிந்தது. மாதா கோவிலுக்குப் போகிற டீச்சர் அந்த நேரத்தில் தெப்பக்குளத்துப் பக்கம் ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய நாள் இல்லை அது.


மே 20, துவாளி

மழை. நகரவில்லை. டீச்சர் ஜெபமாலை உருட்டினார். நான் சாக்ஸ் காயவைத்தேன். காயவில்லை.

பிற்பகல்: செண்பகம் உடம்பைப் பற்றி என்னிடம் ஒருபோதும் எதுவும் சொன்னதில்லை. இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.


மே 21, ஃபுர்கியா

காலை பத்து வரை தெளிவு. பிறகு மேகம் கீழேயிருந்து மேலே வந்தது. மேகம் மேலேயிருந்து வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒரே ஏற்றம். மரங்கள் குறைந்துவிட்டன. தலை லேசாக வலிக்கிறது. லட்சுமண் பூண்டு போட்ட கஞ்சி கொடுத்தார். நாளை விடிந்ததும் ஏறினால் ஒன்பது மணிக்குள் பனியாற்றின் எதிரே போய் நிற்கலாம், பத்துக்கு மேல் அங்கே நிற்பது அவ்வளவு சரியில்லை என்றாராம். டீச்சர் மொழிபெயர்த்தார். லட்சுமண் சொன்னது இதைவிட நீளம். எதை விட்டுவிட்டார் என்று கேட்டேன்.

"உங்க மூச்சப் பத்தித்தான் அண்ணாச்சி. உங்களுக்கு நெஞ்சு நல்லாருக்கான்னு கேக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கஞ்சித் தட்டைக் கீழே வைத்தார். வாசலில் மேகம் வந்து நின்றது, கதவைச் சாத்தினேன். திரும்பியபோது அவர் முகம் சரியாக இல்லை.

"அண்ணாச்சி, இத நான் கீழ ஊர்லயே சொல்லியிருக்கணும். இங்க வந்து சொல்லுவோம்னு ரெண்டு மாசமா தள்ளிட்டேன். அக்கா விழுந்தது தெப்பக்குளத்துல இல்ல."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"பொத்தையில. சாஸ்தா கோவில் பொத்தை. நவம்பர்லேந்து நாங்க ரெண்டு பேரும் தினமும் ஏறினோம். மொதல்ல ஒரு தடவ, அப்புறம் ரெண்டு, மார்கழியில மூணு தடவ. முதுகுப் பைக்குள்ள பழைய அட்லஸ் புத்தகமா அடுக்கி வச்சுக்கிடுவாவ, கனத்துக்கு. அன்னைக்கு மூணாவது தடவ. பாதியில, 'பிலோ, செத்த இரு'ன்னாவ. உக்காந்தாவ. அவ்வளவுதான்."

"அவ திருநீறு பூசிக்கிட்டு வருவாளே" என்றேன். இத்தனையும் கேட்டுவிட்டு என் வாயில் வந்த கேள்வி அதுதான்.

"மேல சாஸ்தா கோவில்ல பூசுவாவ."

அப்படியானால் அவள் கோவிலுக்குப் போகிறேன் என்று சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. அதை எதில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் அழ ஆரம்பித்தார். "நான்தான் மூணு தடவன்னேன். நான்தான் பழக்கிவிட்டது. பூட்ஸக் கழட்டிப் பீரோவுல ஒளிச்சு வச்சதும் நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆறுதல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நீங்க கொன்னுட்டீங்க."

இப்போது மணி ஆறு. பக்கத்து அறையில் சத்தம் இல்லை. எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட உரிமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.


மே 22, ஃபுர்கியா

விடியற்காலை தெளிவு என்று சொல்லலாம். அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். பாதை ஒன்றுதான், தவற வாய்ப்பில்லை என்று நினைத்தேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. புல்மேடு, எதிரே சிகரத்தில் வெயில். இரண்டு இடங்களில் மலையிலிருந்து வழிந்து கெட்டியான பனி பாதையை மூடியிருந்தது. ஆட்டுக் குளம்புத் தடங்களைப் பார்த்து அவற்றைக் கடந்தேன்.

மூன்றாவது பனிச்சரிவு அகலம். நான் அதன் நடுவில் இருந்தபோது வெயில் அணைந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேகம் வந்தது, கூடவே குருணை போலப் பனி. காலுக்குக் கீழே வெள்ளை, முன்னால் வெள்ளை, மேலேயும் வெள்ளை. எது தரை, எது மேகம் என்று தெரியவில்லை. தவழ்ந்து மறுகரைக்குப் போனேன். ஒரு பாறை கையில் தட்டுப்பட்டது. அதன் மறைவில் உட்கார்ந்தேன். வந்த திசை எது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆற்றின் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கைக்கடிகாரம் கட்டியிருந்தும் பார்க்கவில்லை.

பிறகு விசில் சத்தம். டீச்சர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், பள்ளிக்கூடத்துப் பழக்கம். இரண்டு நெடில், ஒரு குறில். நின்று, மறுபடி. காற்று பலமாக இருந்தது. பதில் கொடுத்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

விசில் நெருங்கி வந்தது. "அண்ணாச்சீ!" என்று குரல். அதற்குப் பிறகு ஒரு சறுக்கல் சத்தம், பலகையை இழுக்கிற மாதிரி. ஒரு கத்தல்.

அப்போதுதான் நான் கத்தினேன்.

பனிச்சரிவில் முப்பது நாற்பது அடி கீழே ஒரு கல்லில் தடுத்துக் கிடந்தார். அந்தக் கல் இல்லாவிட்டால் நேரே ஆறு. நான் உட்கார்ந்தபடியே, குதிகாலைக் குத்திக் குத்தி இறங்கினேன். பயமாக இருந்ததா என்று தெரியவில்லை, முழங்கால் வலி மட்டும் நினைவிருக்கிறது. அவருடைய இடது கணுக்கால் திரும்பியிருந்தது. முகம் மேகத்தின் நிறத்திலேயே இருந்தது.

"உயிரோட இருக்கீயளா?" என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

அவரைக் கல்லோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம்.  லட்சுமண் கயிறோடு வந்தார். என் முகத்தைப் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்க டீச்சருக்குத் தெம்பு இல்லை. தேவையும் இல்லை, எனக்குப் புரிந்தது. கம்பை வைத்துக் காலைக் கட்டி, முதுகில் தூக்கி, அந்தக் குட்டை மனிதர் ஃபுர்கியா வரை அவரைச் சுமந்து வந்தார். பைகளை நான் சுமந்தேன்.

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது பளிச்சென்று வெயில்.


மே 23, ஃபுர்கியா

காலை மேகம். பிறகு பார்க்கவில்லை.

கோவேறு கழுதை நாளை மதியம்தான் கிடைக்கும். வெந்நீர் வைத்தேன். டீச்சரின் சாக்ஸை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன். சப்பாத்தியைப் பிய்த்துப் பருப்பில் ஊறவைத்துக் கொடுத்தேன். வீட்டில் நான் காபிகூடப் போட்டதில்லை. கணுக்கால் வீங்கிக் கறுத்திருக்கிறது. வலி மாத்திரை இன்னும் நான்கு.

பத்து மணிக்கு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"டீச்சர், விசில் எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்" என்றார். "பாறைக்குப் பின்னால உங்க கோட்டு மூலை மஞ்சளா தெரிஞ்சுது. அதப் பாத்துத்தான் குறுக்க வந்தேன். பதில் சொல்லாம உக்காந்திருக்காவளே, மயக்கமா இருக்குமோன்னு ஓடி வந்தேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதனால் மற்றதையும் சொன்னேன்.

டிசம்பர் 27. அன்றைக்கு மலையில் நல்ல மழை, அணையில் நீர்மட்டம் கிடுகிடுவென்று ஏறியது. சாயங்காலம் நான் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தேன். செண்பகம் வந்து வாசற்படியில் உட்கார்ந்து, "ஏறும்போது நெஞ்சுல ஒரு இறுக்கம் இருக்குங்க. திருநெல்வேலில போய் ஒரு டாக்டரப் பாப்பமா?" என்றாள். எங்கே ஏறும்போது என்று நான் கேட்கவில்லை. மாடிப்படி என்று நினைத்துக்கொண்டேன். "வாய்வா இருக்கும். சுக்கு போட்டுக் குடி. பொங்கல் கழியட்டும், பாப்போம்" என்றேன். தலையைத் தூக்கினேனா என்று நினைவில்லை. அவள் இறந்த பிறகு, இதை எழுதியிருந்த அந்தத் தேதிப் பக்கத்தை டைரியிலிருந்து கிழித்து அடுப்பில் போட்டேன். கோமதி கேட்டாள், "அம்மா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியாப்பா?" என்று. இல்லை என்றேன். ஊர் முழுக்க அதையேதான் சொன்னேன். இந்த நோட்டிலும் எழுதியிருக்கிறேன்.

"அதனால உங்களால இல்ல, டீச்சர். நான் சொன்னதுதான் தப்பு."

அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுவும் தெரியும் அண்ணாச்சி. மறுநாளே அக்கா சொல்லிட்டாவ. பொங்கல் கழியட்டும்னு நீங்க சொன்னதச் சொல்லிச் சிரிச்சாவ. அப்ப நான் சொன்னேன், நம்ம ரெண்டு பேரும் போவோம், அண்ணாச்சி எதுக்குன்னு. அக்கா மாட்டேன்னுட்டாவ. 'டாக்டர்ட்ட போனா ஏறாதேம்பாரு, பிலோ. மே கழியட்டும்'னாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்." போர்வையை மேலே இழுத்துக்கொண்டார். "அக்கா வரலேன்னா எங்க அண்ணன் என்னய விடமாட்டாரு. எனக்கு எப்படியாச்சும் வரணும்னு இருந்துச்சு. அதான் சரின்னேன். கொன்னுட்டீங்கன்னு நீங்க சொன்னப்ப எனக்குக் கோவமே வரல. யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு."

நான் பொங்கல் கழியட்டும் என்றேன். அவள் மே கழியட்டும் என்றாள். இவர் சரி என்றார். மூன்றையும் அருகருகே எழுதிப் பார்க்கிறேன். எதை எதிலிருந்து கழிப்பது என்று தெரியவில்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "இந்தப் பயணத்தப் பத்தி அவ ஏன் ஏன்ட்ட சொல்லவே இல்ல?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையிலேயே ஆச்சரியம்.

"சொன்னாவளே. அக்டோபர்லயே சொல்லிட்டேன்னாவ. நீங்க 'ஆகட்டும்'னு சொன்னதா சொன்னாவ. அதுக்கப்புறம்தான் பேரே குடுத்தோம்."

அதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் பிலோமினாவிடம் பொய் சொன்னாளா, அல்லது நிஜமாகவே என்னிடம் சொல்லி, நான் எதையோ கூட்டிக்கொண்டே 'ஆகட்டும்' என்றேனா. ஆகட்டும் என்பது நான் சொல்லக்கூடிய சொல்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். அக்டோபர் மாதத்தின் ஒவ்வொரு சாயங்காலத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். மழையளவு நினைவுக்கு வருகிறது. அவள் குரல் வரவில்லை.


மே 24, துவாளி

காலை தெளிவு. நான்கரைக்கே தெளிவு.

நான் கீழே இறங்குவதாகத்தான் இருந்தேன். லட்சுமண் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் பேசினார். கழுதை வர மதியம் ஆகும், அதற்குள் ஒருவர் மேலே போய்விட்டு வந்துவிடலாம் என்றாராம்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

"உங்கள இப்படி விட்டுட்டா?"

"சமையல்காரர் இருக்காரு. நான் எங்க ஓடப்போறேன்?"

"செண்பகம் இருந்தா என்ன சொல்லுவா?"

டீச்சருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "எனக்கென்ன தெரியும்? உங்களுக்குத்தான் என்ன தெரியும்? அக்காவ விடுங்க. உங்களுக்குப் பாக்கணுமா, வேண்டாமா? அதச் சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. 

"பாக்கணும்" என்றேன்.

மூன்றாவது பனிச்சரிவை லட்சுமண் என் இடுப்பில் கயிறு கட்டிக் கடத்தினார். ஒவ்வொரு காலடியாகக் கோடாரியால் வெட்டிக் கொடுத்தார். எட்டு நாற்பதுக்கு மேட்டின் விளிம்பில் நின்றோம். மலை அங்கே திடீரென்று அறுந்து கீழே விழுகிறது. எதிரே இரண்டு சிகரங்கள், இடையில் ஒரு பெரிய வெள்ளை இறக்கம். அதன் அடியில் சாம்பல் நிறத்தில் கல்லும் மண்ணும் சேர்ந்த ஏதோ ஒரு குவியல், வீடு இடித்த இடம் மாதிரி.

"எங்கே?" என்றேன் தமிழிலேயே.

அவர் அந்தக் குவியலைக் காட்டினார். நான் மேலே இருந்த வெள்ளையைக் காட்டினேன். அவர் தலையாட்டி, என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி மறுபடியும் அதையே காட்டினார். பிறகு தன் இடுப்பு உயரத்தில் கையை வைத்து, தான் சின்னப் பையனாக இருந்ததைச் சொன்னார். கையை நீட்டி, வெகு தூரம் முன்னால் வெறும் கல்லாகக் கிடந்த ஓரிடத்தைக் காட்டினார். அப்போது பனியாறு அதுவரை இருந்ததாம்.

அதன் அடியிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தது. நான் முப்பத்து நான்கு வருடம் அளந்ததும் நீர்தான். ஆனால் நீர் பிறக்கிற இடத்தை இன்றுதான் பார்த்தேன். அளக்கத் தோன்றவில்லை.

செண்பகத்திடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. டீச்சருக்குச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டேன். எங்கே வெடிப்பு, எங்கே நீலம், எங்கே கருப்பு. பதினைந்து நிமிடம் கழித்து மேகம் வந்தது. திரும்பினோம்.

டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கழுதை பக்கத்தில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க நின்றவனை உட்காரக்கூட விடவில்லை.

"எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, சொல்லுங்க."

சொன்னேன். வீடு இடித்த இடம் மாதிரி இருந்தது என்றேன். வெள்ளையாக இல்லை, அழுக்காக இருந்தது என்றேன். அவர் முகம் வாடும் என்று பயந்தேன். அவர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"அக்கா சொன்னாவ! படத்துல பாக்குற மாதிரி இருக்காது பிலோ, மண்ணும் கல்லும் அரைச்சு மேல போத்திருக்கும்னாவ. கிட்டப் போனா முதல்ல ஏமாத்தமாத்தான் இருக்கும்னாவ."

என்னிடம் சொன்னதில்லை. சொல்லியும் இருக்கலாம்.

துவாளி வரை கழுதைக்குப் பக்கத்தில் நடந்தேன். டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தார், நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் தொண்டை கட்டிவிட்டது.


மே 26, பாகேஷ்வர்

மழை, காலையிலிருந்து விடாமல்.

எலும்பில் கீறல். ஆறு வாரம் கட்டு. டீச்சர் தன் அண்ணனுக்குப் போன் செய்து, பள்ளத்தில் கால் வழுக்கியது என்றார். நான் போனை வாங்கி, "என்னால விழுந்தாங்க" என்றேன். அண்ணன் போட்ட சத்தத்தை முழுவதும் கேட்டுக்கொண்டேன். பிறகு டீச்சர் என்னோடு ஒரு மணி நேரம் பேசவில்லை. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. மதியம் சாப்பிடும்போது, "ஊறுகாய் இருக்கா அண்ணாச்சி?" என்றார்.

மூன்று மணிக்கு விடுதி வராந்தாவில் நின்று கோமதியைக் கூப்பிட்டேன்.

"எங்கப்பா இருக்கீங்க? ஏழு நாளா போன் இல்ல, உயிரே போச்சு எனக்கு."

"கோமதி, ஒண்ணு சொல்லணும். அம்மா ஏன்ட்ட சொன்னா. நெஞ்சு இறுக்கமா இருக்குன்னு, டாக்டரப் பாக்கணும்னு. டிசம்பர்ல. நான் பொங்கல் கழியட்டும்னேன். உன்ட்ட பொய் சொன்னேன்."

மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. கேட்டிருக்கிறது.

அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் ஏதாவது சொல்லலாமா என்றும் தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான், "சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவேன். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிடம். இந்த முறை கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அப்பா."

"சொல்லும்மா."

"வேற என்னெல்லாம் சொன்னா அம்மா?"

அவள் கேட்டது எனக்குப் பாதிதான் தெரியும். மீதி உள்ளே கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். போனை எங்கள் இருவருக்கும் நடுவில், போர்வையின் மேல் வைத்தேன்.

"பிலோமினா டீச்சரும் இருக்காங்க, கோமதி" என்றேன். "அக்டோபர்லேந்து சொல்லுதோம். கேளு."